தெளிகனவு காணப் பழகுதல்: படிப்படியான முழு வழிகாட்டி

கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று அறிந்து, விழித்துவிடாமல் அந்தக் கனவிலேயே தொடர்வதைத் தெளிகனவு என்கிறோம். பழகினால் கைவரக்கூடிய திறன் இது. ஆனால் பழகுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையின் நடுவிலோ கடைசியிலோ தொடங்கிவிட்டு, சில நாள்களிலேயே ‘எனக்கு இது வராது’ என்று விட்டுவிடுகிறார்கள்.

கீழே உள்ள படிகள் செய்ய வேண்டிய வரிசையிலேயே உள்ளன. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையான ஒன்றைத் தயாரித்துத் தருவதால், ஒன்று கைகூடும் முன் அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

1. தொடங்கும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

முதலில், யார் இதைத் தவிர்க்க வேண்டும் என்பதைப் பார்த்துவிடுவோம். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற நோய்களுக்குச் சிகிச்சை பெறுபவர்களும், நனவையும் கனவையும் பிரித்தறிவதில் ஏற்கெனவே குழப்பம் உள்ளவர்களும் இந்தப் பயிற்சியில் இறங்கக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு உறக்கம் கலைவதே வலிப்பைத் தூண்டக்கூடும். தூக்கமின்மையால் அவதிப்படுபவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும், ஏனெனில் இங்கு சொல்லப்படும் முக்கியமான உத்தி நள்ளிரவு கடந்து எழுந்து மீண்டும் உறங்குவதைச் சார்ந்தது.

மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் பல, கனவு மிகுந்த உறக்கத்தைக் குறைப்பவை. அவற்றை உட்கொள்பவர்கள் கனவு வேண்டும் என்பதற்காக அவற்றை நிறுத்தவோ அளவைக் குறைக்கவோ கூடாது. கனவைத் தூண்டும் மாத்திரை என்று இணையத்தில் பேசப்படும் காலன்டமைன், மறதி நோய்க்குத் தரப்படும் மருந்து. அதை வரவழைத்துச் சாப்பிடுவது வீண் ஆபத்து.

அடுத்தது உறக்கத்தின் அளவு. ஓர் இரவின் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுழற்சிகளாக நடக்கிறது. ஒவ்வொரு சுழற்சியின் இறுதியிலும், மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் ‘ரெம்’ உறக்கம் வருகிறது. தெளிவான, நீண்ட கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் தோன்றுகின்றன. முதல் சுழற்சியில் அது சுமார் 10 நிமிடமே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க அது நீண்டு, சில வேளைகளில் 40 நிமிடத்தைத் தாண்டும்.

எனவே இரவு 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுபவர் இழப்பது வெறும் 2 அல்லது 3 மணி நேர உறக்கத்தை அல்ல. அன்றைய கனவுகளின் பெரும்பகுதியையே அவர் வெட்டி எறிந்துவிடுகிறார். 7 முதல் 8 மணி நேரம் உறங்க முடியாத வாழ்க்கை முறை உள்ளவர்களுக்கு, எந்த உத்தியைக் கற்றாலும் பலன் மிகக் குறைவாகவே இருக்கும். படுக்கும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவதுதான் உண்மையான முதல் படி.

காபியின் வீரியம் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காபியை மதியத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள். மது முன்னிரவின் ரெம் உறக்கத்தை அடக்கிவிட்டுப் பின்னிரவு உறக்கத்தையும் துண்டு துண்டாக்கும் என்பதால், மது அருந்திய இரவில் பயிற்சி வேண்டாம்.

பொருள்களாக வேண்டியவை ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, மங்கலான சிறு விளக்கு, அதிர்வால் மட்டும் எழுப்பும் ஓர் அலாரம் ஆகியவை. கூடத்தில் எல்லோரும் வரிசையாகப் படுத்துறங்கும் வீடுகளில் ஒலி எழுப்பும் அலாரம் மற்றவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும். பிறகு பயிற்சிக்கே வீட்டில் எதிர்ப்பு கிளம்பும். கைக்கடிகார அதிர்வோ, தலையணைக்கு அடியில் வைத்த கைபேசியின் அதிர்வோ போதும்.

2. கனவை நினைவில் நிறுத்துதல்

பலரும் கடந்துபோக விரும்பும் படி இது. ஆனால் மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கின்றன. கனவே நினைவில் நிற்காதவருக்குத் தெளிகனவு வந்தாலும் விடிந்ததும் மறந்துபோகும். வந்ததா இல்லையா என்பதுகூட அவருக்குத் தெரியாது. தன் கனவுகள் எப்படி இருக்கும் என்று அறியாதவர், கனவுக்குள் இருக்கும்போது அதைக் கனவென்று அடையாளம் காணவும் முடியாது.

படுத்ததும், ‘விழிக்கும்போது என் கனவு எனக்கு நினைவிருக்கும்’ என்று சில முறை மனத்துக்குள் பொறுமையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். காலையில் விழிப்பு வந்தவுடன் கண்ணைத் திறக்காமல், புரளாமல், எந்த நிலையில் விழித்தீர்களோ அதே நிலையில் கிடந்து, ‘இப்போது எங்கே இருந்தேன்?’ என்று கேளுங்கள். உடலை அசைத்ததும் புறவுலகின் உணர்ச்சிகள் உள்ளே பாய்ந்து, மெல்லிய கனவு நினைவைக் கலைத்துவிடும் என்பதால்தான் இந்த அசையாமை.

கடைசிக் காட்சி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன் என்ன நடந்தது என்று பின்னோக்கிச் செல்லுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், என்ன உணர்வோடு விழித்தீர்கள் என்று பாருங்கள்: பதற்றமா, ஏக்கமா, அவசரமா? அந்த உணர்வைத் தொட்டுக்கொண்டிருந்தால் பல நேரம் ஒரு முகமோ ஓர் இடமோ கிடைத்துவிடும். பிறகு மெதுவாக மறுபுறம் திரும்பிப் படுத்து இன்னொரு முறை தேடினால், சில நாள்களில் வேறொரு கனவே கிடைப்பதுண்டு.

அதன் பின்னரே எழுத வேண்டும். நடுநிசியில் விழித்தால் நான்கைந்து சொற்களை மட்டும் கிறுக்கிவிட்டுத் தூங்குங்கள்; விடிந்ததும் விரித்து எழுதலாம். நடை அழகாக இருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பு ஏறத்தாழ இப்படி அமைந்தால் போதும்:

“பெரியப்பா வீட்டு மாடி. இன்றுதான் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை என்கிறார்கள். ஹால் டிக்கெட் கையில் இல்லை. படி இறங்க இறங்கத் தரை வரவில்லை. கூடப் படித்த பையன் அதே வயதில், அதே சட்டையில் நிற்கிறான். நெஞ்சு படபடப்பு.”

இந்தப் படியில் அதிகம் நிகழும் தவறு, விழித்ததும் கைபேசியை எடுத்து மணி பார்ப்பதுதான். திரையில் ஒரு குறுஞ்செய்தியைக் கண்டால் போதும், கனவு போய்விடும். ‘எனக்குக் கனவே வராது’ என்று சொல்பவர்களுக்கும் கனவு வந்துகொண்டுதான் இருக்கிறது. விழிப்பின் முதல் நிமிடத்தில் அதைத் தொலைத்துவிடுகிறார்கள். அவர்கள் முதல் வாரத்தில் ‘இன்று எதுவும் நினைவில்லை, சோர்வாக விழித்தேன்’ என்றாவது தினமும் எழுத வேண்டும். எழுதும் பழக்கம் நின்றால் நினைவும் நின்றுவிடும்.

வாரத்தின் பெரும்பாலான நாள்களில் ஒரு கனவாவது நினைவில் நிற்கும் நிலை வந்த பின் அடுத்த படிக்குச் செல்லுங்கள். சிலருக்கு இது ஒரு வாரத்தில் வரும், பலருக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

3. உங்கள் கனவுக் குறிகளைக் கண்டெடுத்தல்

குறிப்பேட்டில் பதினைந்து இருபது கனவுகள் சேர்ந்ததும் அவற்றை ஒரே அமர்வில் படித்துப் பாருங்கள். நனவில் நடக்க வாய்ப்பில்லாத அல்லது மிக அரிதான எல்லாவற்றின் அடியிலும் கோடிடுங்கள். மேலே உள்ள குறிப்பில் படித்து முடித்த பின் வரும் பரீட்சை, தரை வராத படிக்கட்டு, வயது ஏறாத நண்பன் என மூன்று குறிகள் இருக்கின்றன. படபடப்பும் அடிக்கடி வருமானால் அதுவும் ஒரு குறியே.

திரும்பத் திரும்ப வரும் ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். மறைந்துபோன உறவினர் உயிரோடு வருவது, பழைய வீட்டில் இன்னும் குடியிருப்பது, ரயிலைத் தவறவிடுவது, பல் உதிர்வது போன்றவை பலருக்கும் பொதுவானவை. ஆனால் பிறர் சொன்ன குறியைக் கடன் வாங்குவதில் பயனில்லை. உங்கள் கனவில் எது அடிக்கடி வருகிறதோ அதுவே அடுத்த முறையும் வர வாய்ப்புள்ளது என்பதுதான் இந்தப் படியின் அடிப்படை.

4. பகலில் செய்யும் மெய்மைச் சோதனை

கனவுக்குள் சந்தேகம் எழும்போது அதை உடனே தீர்த்துக்கொள்ள ஒரு சோதனை தேவை. நான் முதலில் பரிந்துரைப்பது மூக்குச் சோதனை. இரு விரல்களால் மூக்கை அழுத்திப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மூச்சை இழுங்கள். நனவில் காற்று வராது. கனவில் நீங்கள் பிடிப்பது கனவு மூக்கை. படுக்கையில் கிடக்கும் உடலின் மூக்கு திறந்தே இருப்பதால் மூச்சு தாராளமாக வரும். அந்த விசித்திரத்தை ஒருமுறை உணர்ந்தால் ஐயத்துக்கு இடமே இருக்காது.

இரண்டாவது, வாசிப்புச் சோதனை. சுவரில் தொங்கும் நாள்காட்டியின் தேதியையோ பேருந்தின் பெயர்ப் பலகையையோ படித்துவிட்டு, பார்வையை விலக்கி, மீண்டும் படியுங்கள். கனவில் எழுத்தை நிலையாக வைத்திருக்கப் புறவுலகில் ஒன்றும் இல்லாததால், இரண்டாம் முறை பெரும்பாலும் அது மாறியிருக்கும். ஒரு சோதனை ஏமாற்றினாலும் மற்றொன்று பிடித்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

தன்னைக் கிள்ளிப் பார்ப்பது நம்பத்தக்கதல்ல, கனவிலும் வலிப்பதுண்டு. விளக்குப் பொத்தானை அழுத்திப் பார்க்கும் சோதனையும் மின்தடை உள்ள ஊரில் குழப்பும். உயரத்திலிருந்து குதித்துப் பார்ப்பது, ஓடும் வண்டியின் முன் நிற்பது போன்ற எதையும் ஒருபோதும் சோதனையாகக் கொள்ளாதீர்கள். தவறினாலும் தீங்கு விளைவிக்காததே சோதனை.

மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்துக்கொண்டு மூக்கைப் பிடிப்பவர்களுக்குப் பலன் வராததன் காரணம், அவர்களது கை வேலை செய்கிறது, மனம் கேட்கவில்லை. ‘நிச்சயம் விழித்துத்தான் இருக்கிறேன்’ என்ற முடிவோடு பகலில் செய்யும் சோதனையைக் கனவிலும் அதே முடிவோடுதான் செய்வீர்கள். ஆகவே சோதனைக்கு முன் அரை நிமிடம் நின்று, இங்கே எப்படி வந்தேன், ஒரு மணி நேரத்துக்கு முன் எங்கே இருந்தேன், சுற்றியுள்ளதில் ஏதாவது பொருந்தாமல் இருக்கிறதா என்று உண்மையாகவே ஆராயுங்கள். கனவில் ‘எப்படி வந்தேன்’ என்ற கேள்விக்கு விடை இருக்காது.

எதிர்பாராத ஒன்று நடக்கும்போதும், நீங்கள் தேர்ந்தெடுத்த கனவுக் குறியைப் போன்ற ஒன்று எதிர்ப்படும்போதும் செய்வதே சிறந்தது. நாளொன்றுக்கு ஐந்தாறு முறை போதும். ஆனால் இந்தப் படியை மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மெய்மைச் சோதனை தனியாகக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. அடுத்து வரும் உத்தியோடு சேர்ந்தபோதே பலன் தெரிந்தது.

5. பின்னிரவில் எழுந்து எண்ணம் பதித்தல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஸ்டீபன் லபெர்ஜ் வகுத்த முறை இது. மாலையில் திரும்பும்போது கறிவேப்பிலை வாங்க வேண்டும் என்று காலையில் நினைத்துக்கொண்டவருக்குக் காய்கறிக் கடையைக் கண்டதும் அது தானாக ஞாபகம் வருகிறதல்லவா, அதே ஞாபக ஆற்றலைக் கனவுக்குள் வேலை செய்ய வைக்கிறோம்.

வேலை நாள்களில் இதைச் செய்யாதீர்கள். மறுநாள் தாமதமாக எழ முடிகிற இரவாகப் பார்த்து, வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு முறை மட்டும் செய்யுங்கள். மறுநாள் அதிகாலையில் வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் அன்று வேண்டாம்.

உறங்கிய பின் 5 மணி நேரம் கழித்து எழும்படி அலாரம் வையுங்கள். இரவு 10:30-க்கு உறங்கினால் 3:30. அதற்குள் ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். மீதமுள்ள உறக்கத்தில் ரெம் மிகுதி. முன்னிரவில் இதையே செய்தால் கனவில்லாத ஆழ்ந்த உறக்கத்தில் எண்ணம் கரைந்துபோகும்.

எழுந்ததும் எந்தக் கனவிலிருந்து வந்தீர்கள் என்று நினைவுகூர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படுக்கையை விட்டு எழுந்து, கழிவறை சென்று, ஒரு மிடறு நீர் குடித்து, மங்கலான விளக்கில் கனவுக் குறிப்பேட்டைப் புரட்டுங்கள். கைபேசித் திரை வேண்டாம். வெளிச்சமும் செய்தியும் மனத்தை முழு விழிப்புக்கு இழுத்துவிடும். 10 முதல் 20 நிமிடம் போதுமானது.

மீண்டும் படுத்ததும், ‘அடுத்த முறை கனவு காணும்போது, நான் கனவு காண்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் வரும்’ என்று மெதுவாக, பொருள் உணர்ந்து சொல்லுங்கள். கூடவே, சற்று முன் கண்ட கனவுக்குள் மீண்டும் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். பெரியப்பா வீட்டு மாடி, படிக்கட்டு, தரை வரவில்லை. அந்த இடத்தில் நின்று, ‘இது நடக்காத காரியம், நான் கனவு காண்கிறேன்’ என்று அறிந்துகொள்வதையும், மூக்கைப் பிடித்துப் பார்ப்பதையும் மனத்தில் நடத்திப் பாருங்கள். சொல்லையும் காட்சியையும் மாற்றி மாற்றிச் செய்தபடியே உறக்கத்தில் இறங்க வேண்டும்.

மனம் வேறெங்காவது அலைந்தால் கோபிக்காமல் திரும்பி வாருங்கள். உறங்கும் முன் மனத்தில் கடைசியாக நிற்பது அந்த எண்ணமாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். எத்தனை முறை சொன்னோம் என்று எண்ணுவதும், சொற்களை மந்திரம்போல் வேகமாக உருப்போடுவதும் பொருளைத் தொலைத்துவிடும்.

புதியவர்களுக்கு இங்கு வரும் பெரிய தடை, மீண்டும் தூக்கம் வராமல் போவது. மேலே சொன்ன அடிலெய்டு ஆய்வில், எண்ணம் பதித்து முடித்த 5 நிமிடத்துக்குள் உறங்கியவர்களுக்கே வெற்றி மிகுதியாக இருந்தது. அவர்களது முயற்சிகளில் ஏறத்தாழ 46 சதவீதம் பலித்தன. எனவே விழித்திருக்கும் நேரத்தை உங்கள் உடலுக்கேற்ப அளந்துகொள்ளுங்கள். படுத்ததும் எண்ணம் பதியும் முன்பே தூங்கிவிடுகிறீர்கள் என்றால் எழுந்திருக்கும் நேரத்தை 5 நிமிடம் கூட்டுங்கள். அரை மணி நேரம் புரள்கிறீர்கள் என்றால் அதைப் பாதியாக்குங்கள். சிலருக்குப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து 2 நிமிடம் குறிப்பெடுப்பதே போதுமானது. அப்படியும் தூக்கம் வரவில்லை என்றால் அன்றைய முயற்சியை விட்டுவிட்டு வெறுமனே ஓய்வெடுங்கள்.

6. விழிப்பிலிருந்து நேரே கனவுக்குள் நுழைதல் இப்போதைக்கு வேண்டாம்

உடலை உறங்க விட்டு, அறிவை விழிப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கனவுக்குள் செல்லும் முறை ஒன்று உண்டு. அதன் கவர்ச்சியே பலரை முதல் வாரத்தில் அதற்கு இழுக்கிறது. பெரும்பாலும் அவர்கள் ஒரு மணி நேரம் விறைப்பாகக் கிடந்து உறக்கத்தை இழப்பதோடு சரி.

ரெம் உறக்கத்தில், கனவின்படி உடல் எழுந்து நடந்துவிடாதபடி, விழிகளையும் மூச்சுத் தசைகளையும் தவிரப் பெரும்பாலான தசைகள் செயலற்றிருக்கும். அந்த நிலை நீங்கும் முன் விழிப்பு வந்தால் கைகால் அசையாது, மார்பில் ஏதோ அமர்ந்து அழுத்துவதுபோல் இருக்கும், அறையில் யாரோ இருப்பதாகவும் தோன்றும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று அஞ்சப்படுவது இந்த உறக்க முடக்கம்தான். ஐந்தாம் படியின்போதும் எப்போதாவது இது நேரலாம். மூச்சு நிற்காது என்பதை நினைவில் வைத்து, எதிர்த்துப் போராடாமல், மூச்சைக் கவனித்தபடி ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்க முயலுங்கள்; சில நொடிகளில், அதிகம் போனால் ஓரிரு நிமிடங்களில், தானாக விலகும். மல்லாந்து படுத்தால் இது அதிகம் வருவதால் ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

7. கனவென்று தெரிந்த முதல் நொடிகள்

முதல் தெளிகனவு பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ‘கனவு! கனவு!’ என்ற பரவசமே விழிப்பைக் கொண்டுவருகிறது. ஆகவே தெரிந்த கணத்தில் செய்ய வேண்டியது எதையும் சாதிப்பதல்ல. அசையாமல் நின்று, ஒரு மூச்சு இழுத்து, கனவுக் கைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தேயுங்கள். உள்ளங்கைச் சூட்டையும் சொரசொரப்பையும் கவனியுங்கள். பிறகு குனிந்து தரையைத் தொடுங்கள், அருகிலுள்ள சுவரைத் தடவுங்கள்.

மூளை ஒரு நேரத்தில் கனவு உடலின் தொடுவுணர்வில் ஈடுபட்டிருந்தால், படுக்கையில் கிடக்கும் உடலின் பக்கம் கவனம் திரும்பாது என்பதே இதன் காரணம். காட்சி மங்கத் தொடங்கினாலும் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். எல்லாம் இருண்டுவிட்டால்கூட, கண்ணைத் திறக்காமல் தேய்ப்பதைத் தொடர்வதாக எண்ணினால் புதிய காட்சி விரிவதுண்டு. ஒரே பொருளை உற்றுப் பார்ப்பது, கனவில் கண்ணை மூடிக்கொள்வது, ‘என் உடல் கட்டிலில் எப்படிக் கிடக்கிறது’ என்று நினைப்பது ஆகிய மூன்றும் விரைவில் எழுப்பிவிடும்.

என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் படுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். சிறிய செயலாக இருக்கட்டும்: ஒரு கதவைத் திறந்து அடுத்த அறையைப் பார்ப்பது, எதிரில் வருபவரிடம் ஒரு கேள்வி கேட்பது. முன்னதாக ஒப்புக்கொண்ட செயலைக் கனவுக்குள் நினைவுகூர முடியும் என்பது ஆய்வகங்களில் உறுதியான ஒன்று. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், உறங்கிக்கொண்டிருந்த ஒருவர் பேசிவைத்தபடி விழிகளை இடமும் வலமும் அசைத்ததைப் பதிவு செய்தார். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு நாடுகளின் ஆய்வகங்களில் தெளிகனவில் இருந்தவர்கள் சிலர் எளிய கழித்தல் கணக்குக்கே விழியசைவால் விடை தந்தார்கள். திட்டமில்லாமல் நுழைபவர் ‘இப்போது என்ன செய்யலாம்’ என்று யோசிக்கும்போதே கனவின் கதை அவரை மீண்டும் உள்ளிழுத்துக்கொள்ளும்.

பறப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அச்சுறுத்தும் ஏதாவது துரத்தினால் ஓடாமல் திரும்பி நின்று, ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அதன் உருவம் மாறிவிடும். ஆனால் விபத்து, வன்முறை போன்ற உண்மை நிகழ்ச்சிகளின் தொடர்ச்சியாக வரும் கொடுங்கனவுகளைத் தனியாகக் கையாள முயலாமல் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள்.

தெளிகனவு முடிந்து விழித்ததாகத் தோன்றினாலும் உடனே நம்பாதீர்கள். அதே அறையில் எழுந்து குறிப்பேட்டில் எழுதுவதாகவே இன்னொரு கனவு வரும். இதைப் பொய் விழிப்பு என்பார்கள். ஒவ்வொரு விழிப்பிலும் மூக்குச் சோதனையைப் பழக்கமாக்கிக்கொண்டால், இழந்ததாக நினைத்த தெளிகனவு பல நேரம் கையில் திரும்பக் கிடைக்கும்.

8. வாரங்கள் கடந்தும் வராதபோது

உத்தியை மாற்றும் முன், இந்த வரிசையில் சரிபாருங்கள். கடந்த வாரம் எத்தனை இரவுகள் 7 மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கினீர்கள்? இரண்டுக்கு மேல் என்றால் கோளாறு அங்கேதான். அடுத்து, குறிப்பேட்டில் விட்டுப்போன நாள்களைப் பாருங்கள். அதன் பிறகே ஐந்தாம் படியில் எண்ணம் பதிந்த நிலையில் உறங்கினீர்களா, அலைந்த மனத்தோடு உறங்கினீர்களா என்று பாருங்கள்.

வாரம் ஓர் உத்தி என்று மாற்றிக்கொண்டே போவதுதான் நான் பார்த்தவரை மிகப் பரவலான தவறு. எண்ணம் பதிக்கும் முறைக்கு ஆறு முதல் எட்டு இரவுகளாவது கொடுங்கள். இடையில் பகல் தூக்கமும் எரிச்சலும் கூடினால், பின்னிரவு அலாரத்தை ஒரு வாரம் முழுவதும் நிறுத்திவிட்டு உறக்கத்தை ஈடுசெய்யுங்கள். அந்த ஓய்வு வாரத்திலும் குறிப்பேட்டை மட்டும் விடாதீர்கள். முயற்சியைத் தளர்த்தி நிறைவாக உறங்கும் அத்தகைய விடுமுறைக் காலையில்தான் சிலருக்கு முதல் தெளிகனவு வாய்க்கிறது.